ஓராண்டாகப் பயன்படுத்திவரும் ஒளியிழை இணைப்பு

தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாக வந்த பழைய இணைய இணைப்பை விட்டுவிட்டு ஒளியிழை இணைப்புக்கு மாறி ஓராண்டு நிறைவடைகிறது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதை இந்த ஓராண்டு எனக்கு உணர்த்தியிருக்கிறது.

செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் தேயும். கம்பியின் ஒட்டுகளில் ஈரம் ஏறினால் இணைப்பு அடிக்கடி அறுந்து மீண்டும் வரும். ஒளியிழையில் இவ்விரு தொல்லைகளும் மிகக் குறைவு. ஆனாலும் அது ஒரு வீட்டுக்கே உரிய தனிவழி அன்று. ஓர் ஒளியிழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலாக உள்ள ஜிபான் (GPON) முறையில், நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் பதிவிறக்கத் திறனை 32 வீடுகளோ 64 வீடுகளோகூடப் பகிர்ந்துகொள்ளக்கூடும். ஆகவே, இரவு 9 மணிக்கு இணைப்பு எப்படி இருக்கிறது என்று அதே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் விசாரிப்பது, விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்பதைவிடப் பயன் தரும்.

நான்காம் மாதத்தில் காணொலி அழைப்புகள் பாதியில் நிற்கத் தொடங்கின. மூன்று நாட்கள் ரவுட்டரை அணைத்துப் போடும்படியே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். பிறகு வந்த தொழில்நுட்பப் பணியாளர் மீட்டரை வைத்து அளந்தபோது, வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவு மைனஸ் 29 டி.பி.எம். என்று காட்டியது. ஒளியின் ஆற்றலை டெசிபெல் கணக்கில் சொல்லும் அலகு இது; மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கலாகும். வீட்டில் அந்த ஒளியைப் பெறும் கருவிகள் பொதுவாக மைனஸ் 27 வரையில்தான் நம்பகமாக இயங்கும். 3 டெசிபெல் குறைந்தாலே ஒளியின் ஆற்றல் பாதியாகிவிடும். அலமாரிக்குப் பின்னால் இழை கூர்மையாக மடிந்திருந்ததே காரணம். அதை அகன்ற வளைவாக மாற்றி அமைத்ததும் மைனஸ் 21 ஆயிற்று. அதன்பின் ஒருநாளும் இணைப்பு அறுபடவில்லை. இணைப்புப் பொருத்தும் நாளிலேயே இந்த அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பழுது எங்கே என்று வாதாட நேர்ந்தால் அந்த ஓர் எண்ணே போதும்.

வேகத்தைச் சோதிக்கும்போது வைஃபையை விட்டுவிட்டு, கேட் 5இ (Cat 5e) எனும் வலையமைப்புக் கம்பியால் கணினியை நேரடியாக ரவுட்டரில் இணைத்துச் சோதிக்க வேண்டும். அதனுள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒரு ஜோடி பழுதானாலும் ஜிகாபிட் வேகம் கிடைக்காது. பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பதிவேற்ற வேகத்தையும் தவறாமல் பாருங்கள்.

இணைப்பின் தரத்தில் எனக்கு நிறைவே. இருப்பினும், பழுது நீக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை எழுத்தில் தராதவரை இந்நிறுவனத்தின் ஆண்டுச் சந்தாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதச் சந்தாவில் தொடங்குவதே நல்லது.