நங்கூர அலாரமாக ஸ்மார்ட்போன்: 4 வருட அனுபவம்

எங்களுடையது 10 மீட்டர் பாய்மரப் படகு. கடந்த 4 வருடமாக இரவில் நங்கூரத்தைக் காவல் காப்பது போன்தான். நங்கூரம் கிடக்கும் இடத்தைச் செயலியில் குறித்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளும், போன் அந்த வட்டத்தைத் தாண்டினால் அலறும். அதற்கென்று தனிக் கருவி வாங்கவில்லை, இனி வாங்குவதாகவும் இல்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நங்கூரம் தரையைத் தொடும் அந்த நொடியிலேயே இடத்தைக் குறித்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல செயலியும் உதவாது.

முதல் வருடம் நான் அப்படிச் செய்யவில்லை. சங்கிலியை விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரம் பிடித்துவிட்டதா என்று பார்த்து, எல்லாம் அடங்கிய பிறகுதான் போனை எடுப்பேன். 5 மீட்டர் ஆழம், அணியம் (படகின் முன்முனை) தண்ணீருக்கு மேலே 1 மீட்டர், விட்ட சங்கிலி 30 மீட்டர் என்று வையுங்கள். அதற்குள் படகு ஏறக்குறைய 29 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். போன் இருப்பது அணியத்திலிருந்து 8 மீட்டர் பின்னால். ஆக, நான் குறித்த மையம் நங்கூரத்திலிருந்து 37 மீட்டர் விலகிய ஓர் இடம். ராத்திரியில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபுறம் வந்து நிற்கும். நங்கூரம் அசையவே இல்லை. போனோ 70 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டதாகச் சொல்லி அலறும்.

இப்படி நாலைந்து தடவை தூக்கம் கெட்டதும் கை தானாக வட்டத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. அதுதான் பெரிய ஆபத்து. நங்கூரம் நிஜமாகவே இழுபடும் நாளில், கரை நெருங்கிய பிறகுதான் சத்தம் வரும். இப்போதெல்லாம் ஒருவர் போனோடு அணியத்தில் நிற்கிறோம். சங்கிலி தளர்ந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு அப்புறம் மற்ற வேலை. வட்டத்தின் ஆரம் 37 மீட்டர், அதோடு ஜிபிஎஸ் பிழைக்கு ஒரு 10 மீட்டர். திறந்த வானத்தின் கீழ் போனின் பிழை பொதுவாக 5 மீட்டருக்குள்தான், ஆனால் கேபினுக்குள் அது கூடும். எங்களுடையது ஃபைபர் படகு என்பதால் சமாளிக்கிறது. எஃகுப் படகென்றால் போனை ஜன்னலோரம் வைத்தாக வேண்டும்.

மூன்றாம் வருடம் நடந்ததை மறக்க முடியாது. விடிவதற்கு முன் படகின் உடம்பு வழியாக ஒரு கடகட சத்தம் கேட்டு எழுந்தேன். முன்னால் ஓடிப்போய்ச் சங்கிலியில் கை வைத்தேன். அதிர்ந்துகொண்டே இருந்தது, நடுவில் ஒரு வெட்டு, மறுபடி அதிர்வு. சரளைத் தரையில் நங்கூரம் பிடிக்காமல் உரசிக்கொண்டு வருகிறது. எஞ்சினைப் போட்டு, நங்கூரத்தைத் தூக்கி, வேறு இடத்தில் இறக்கிய பிறகே போனைப் பார்த்தேன். திரை சிவப்பு. அலாரம் சரியான நேரத்தில்தான் அடித்திருக்கிறது. சத்தம் மட்டும் சாயங்காலம் பாட்டுக் கேட்க இணைத்த ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. ஸ்பீக்கர் மேல்தளத்தில் பெட்டிக்குள் கிடந்தது.

அன்றைக்குத் திரையில் இருந்த தடத்தை இன்னும் சேமித்து வைத்திருக்கிறேன். படகு நங்கூரத்தில் ஆடும்போது தடம் பிறைபோல வளைந்து வளைந்து ஒரே இடத்தில் அடர்ந்திருக்கும். இழுபடும்போது அந்தப் பிறை உடைந்து, காற்று போகும் திசையில் நீண்ட வாலாகிவிடும். அலாரம் அடித்தால் முதலில் அந்த வடிவத்தைத்தான் பார்க்கிறேன்.

அதிலிருந்து தினமும் படுக்கும் முன் ஒரு சோதனை. வட்டத்தை 5 மீட்டராகச் சுருக்கி, திரையை அணைத்து, அது அலறும்வரை காத்திருப்பேன். ஒலி அளவு, ப்ளூடூத், 'தொந்தரவு செய்யாதே' அமைப்பு எல்லாம் அந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போன் செயலியைத் தூங்க வைத்திருந்தால் அதுவும் தெரியும். மென்பொருள் புதுப்பித்த பிறகு, செயலியைத் தூங்க வைக்காதே என்று நான் கொடுத்திருந்த விலக்கு அனுமதி ஒருமுறை பழையபடி மாறிக் கிடந்ததை இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

மொபைல் சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அந்தக் கவலை வேண்டாம். சார்ஜிங்தான் தொல்லை. உப்பு ஈரம் துளைக்குள் போனால் 'ஈரம் உள்ளது' என்று சொல்லிப் போன் சார்ஜ் ஏற மறுக்கும். கம்பியில்லா சார்ஜர் ஒன்று மாட்டியிருக்கிறோம், போதுமானதாக இருக்கிறது.

கரைக்குப் போகும்போது போனும் நம்மோடு வந்துவிடும் என்பது இன்னொரு சிக்கல். அதற்காகப் பழைய போன் ஒன்றைப் படகிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டோம். அதில் வேறு செயலி இல்லை, ப்ளூடூத் எப்போதும் அணைத்தே இருக்கும். இருப்பிடத்தை எங்கள் கையிலுள்ள போனுக்கு அனுப்ப மட்டும் ஒரு டேட்டா சிம்.