பின்னல் குறிப்புகளுக்கு உதவும் ஒரு டேனிஷ் அகராதி

கோத்தகிரியில் கம்பளி ஸ்வெட்டர் பின்னி விற்கும் எங்கள் குழுவுக்கு டேனிஷ் மொழியில் எழுதிய பின்னல் குறிப்புகள் வரத் தொடங்கியதிலிருந்து, அவற்றிலுள்ள பெயர்ச்சொற்களுக்குப் பொருள் காண நான் நம்பியிருப்பது ‘டென் டான்ஸ்கெ ஓர்ட்போக்’ என்ற அகராதியைத்தான். டேனிஷ் மொழி இலக்கியக் கழகம் 2003 முதல் 2005 வரை 6 தொகுதிகளாக அச்சிட்ட இந்நூல், இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இதில் விளக்கங்கள் முழுவதும் டேனிஷிலேயே இருப்பதால், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மலைப்பாக இருக்கும். ஆனாலும் இடையில் ஆங்கிலம் புகாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆங்கிலத்தைப் போலவே எழுதப்படும் டேனிஷ் சொற்கள் பல, முற்றிலும் வேறு பொருளைத் தருகின்றன. ‘ஹியூ’ என்று ஆங்கிலத்தில் நாம் படிக்கும் எழுத்துகள் அங்கே நிறச்சாயலைக் குறிப்பதில்லை. தலையில் அணியும் குல்லாவைக் குறிக்கின்றன. ‘பார்ன்’ என்பது தானியக் களஞ்சியம் அன்று, குழந்தை. ஆகவே குழந்தைக் குல்லாவுக்கான குறிப்பை ஆங்கில அறிவை மட்டும் கொண்டு படிப்பவருக்குத் தலைப்பே புரியாது.

இந்த அகராதியின் உண்மையான பலம், சொல்லின் பாலையும் வேற்றுருவங்களையும் பொருளுக்கு முன்பே காட்டிவிடுவதில் இருக்கிறது. டேனிஷ் பெயர்ச்சொற்களுக்குப் பொதுப்பால், அஃறிணைப்பால் என இரண்டு பால்கள் உண்டு. முன்னால் ‘என்’ வந்தால் முதலாவது, ‘எட்’ வந்தால் இரண்டாவது. ‘என் நொய்லெ’ என்றால் சாவி, ‘எட் நொய்லெ’ என்றால் நூற்கண்டு. அகராதி இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்திருக்கிறது. பன்மையில் இரண்டும் ‘நொய்லர்’ என்றே ஆகிவிடுவதால், ‘4 நொய்லர்’ என்ற வரியைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று ‘4 சாவிகள்’ என்று தந்தது. அடுத்து நிற்கும் சொல் நூலைக் குறிக்கிறதா என்று பார்த்தே அங்கே முடிவு செய்ய வேண்டும். ‘சோம்’ என்ற சொல்லில் அந்தச் சிக்கல் இல்லை. தையல் இணைப்பைக் குறிக்கும்போது அதன் பன்மை ‘சோமெ’. இரும்பு ஆணியைக் குறிக்கும்போது பன்மையிலும் ‘சோம்’ என்றே நிற்கிறது. இப்படி ஒரே பார்வையில் ஐயம் தீர்வது வேறெந்த உதவியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒலிப்பைக் கேட்கும் வசதியும் உண்டு. கம்பளிக்கான சொல்லில் எழுதப்படும் கடைசி எழுத்து ஒலிப்பதே இல்லை என்பதைக் காதால் கேட்டால்தான் மனத்தில் பதிகிறது.

கூட்டுச்சொற்களைத் தேடும்போது பொறுமை தேவை. டேனிஷில் பெயர்ச்சொற்களை இடைவெளியின்றி ஒட்டி எழுதிக்கொண்டே போகலாம் என்பதால், அப்படி உருவாகும் எல்லாவற்றையும் எந்த அகராதியாலும் சேர்க்க முடியாது. தேடிய சொல் கிடைக்காவிட்டால், அதைப் பிரித்து இறுதிப் பகுதியை முதலில் தேட வேண்டும். நம் தொகைச்சொற்கள் பலவற்றில் போலவே அங்கும் முதன்மைப் பொருள் கடைசியில்தான் இருக்கிறது, முழுச் சொல்லின் பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

மழைக்காலத்தில் இங்கே இணையத் தொடர்பு அடிக்கடி துண்டிக்கப்படுவதால், ஒரு குறிப்பைப் பின்னத் தொடங்கும் முன்பே அதிலுள்ள பெயர்ச்சொற்களைப் பாலோடும் பன்மையோடும் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. டேனிஷ் எழுத்துகளைக்கூட அறியாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரளவு அடிப்படை கற்றவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.