வாட்டர்கலர் பெட்டி: கடை செட்டா, நாமே நிரப்பியதா?

12 நிற பான் செட் (சின்னக் கிண்ணங்களில் காய்ந்த வண்ணக் கட்டிகள்) வாங்கினால் அன்றைக்கே வரையலாம். ஆனால் ஆறே மாதத்தில் அல்ட்ராமரின் நீலம் குழிவிழுந்து பானின் அடி தெரியும். வெள்ளையும் கறுப்பும் புத்தம் புதிதாகக் கிடக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

காலி அரை பான்களில் (பாதி அளவுக் கிண்ணங்கள்) ட்யூபிலிருந்து நிரப்புவது பொறுமை வேலை. ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது சுருங்கி வெடிப்பு விடும். இரண்டு மூன்று அடுக்காக, ஒவ்வொன்றையும் காயவிட்டுப் பிதுக்க வேண்டும். 5 மி.லி. ட்யூப் இரண்டு அரை பானுக்குத் தாராளமாக வரும். அடியில் காந்தத் துண்டு ஒட்டிவிட்டால் தகரப் பெட்டிக்குள் இஷ்டப்படி இடம் மாற்றலாம். நான் கறுப்பைத் தூக்கிவிட்டேன். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தாலே அருமையான சாம்பல் கிடைக்கிறது. காலியான இடத்தில் இன்னொரு அல்ட்ராமரின்!

புதிதாகத் தொடங்குபவருக்கு செட்டே சரி. பான்களைக் கழற்றி மாற்ற முடிகிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.