இன்டர்சிட்டி 125: பல ஆண்டுகள் பயணித்த அனுபவம்

லண்டன் பாடிங்டன் நிலையத்துக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே பல ஆண்டுகள் வேலைக்காகப் போய்வந்ததில் எனக்கு மிகவும் பழகிப்போன வண்டி இன்டர்சிட்டி 125. மணிக்கு 125 மைல், அதாவது 201 கிலோமீட்டர் வேகம்தான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் அதில் அடிக்கடி உட்கார்ந்து வந்தவர்களைக் கேட்டால், பெட்டிக்குள் இருந்த அமைதியைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் அப்படித்தான்.

அமைதிக்குக் காரணம் வண்டியின் அமைப்பு. முன்னே ஒரு பவர் கார், அதாவது எஞ்சின் பெட்டி, பின்னே ஒரு பவர் கார். ஒவ்வொன்றிலும் 2,250 குதிரைத்திறன் கொண்ட பாக்ஸ்மன் வேலன்டா டீசல் எஞ்சின். அது சக்கரத்தை நேரடியாகச் சுழற்றாது, மின்னாக்கியை ஓட்டும். அந்த மின்சாரம் நான்கு மோட்டார்களுக்குப் போய்ச் சக்கரங்களை இயக்கும். நடுவில் ஏழு அல்லது எட்டு ‘மார்க் 3’ பெட்டிகள். அவற்றின் அடியில் எஞ்சின் கிடையாது. விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் வேண்டிய மின்சாரம்கூடப் பவர் காரிலிருந்தே வரும். பாடிங்டன் கூரையின் கீழே வண்டி கிளம்பும்போது வேலன்டாவின் டர்போ போடும் கூச்சலுக்கு நடைமேடையில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நடுப்பெட்டியில் இருப்பவருக்கு அது ஏதோ தூரத்து ஓசை. காற்று ஸ்பிரிங்குகள் இருந்ததால் முழு வேகத்திலும் மேஜை மேல் வைத்த தேநீர் சிந்தாது.

இத்தனைக்கும் இது இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய வண்டி. பிரிட்டிஷ் ரயில் நிர்வாகம் வளைவுகளில் சாய்ந்து ஓடும் ஏ.பி.டி. (Advanced Passenger Train) என்ற புதுவகை ரயிலைத்தான் பெரிதாக நம்பியிருந்தது. அது இழுத்துக்கொண்டே போனதால், தெரிந்த தொழில்நுட்பத்தை வைத்தே வேகமான ரயில் ஒன்றைக் கட்டலாம் என்று டெர்ரி மில்லர் தலைமையிலான பொறியாளர்கள் இறங்கினார்கள். 1972இல் முன்மாதிரி வந்தது. 1973 ஜூன் 12 அன்று அது மணிக்கு 230 கிலோமீட்டரைத் தொட்டு டீசல் ரயில்களில் உலக சாதனை படைத்தது. 1976 அக்டோபர் 4 முதல் பிரிஸ்டல், தெற்கு வேல்ஸ் தடங்களில் பயணிகள் சேவை. புதிய பாதை போடவில்லை. சிக்னல்களை இடம் மாற்றவும் தேவைப்படவில்லை. இருக்கும் சிக்னல் இடைவெளிக்குள்ளேயே 125 மைல் வேகத்திலிருந்து வண்டி நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரேக்குகளை வடிவமைத்தார்கள். என் பார்வையில் இந்த ரயிலின் பெரிய சாதனை இதுதான்.

வண்ணப்பூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லி அழைக்கப்பட்ட வடிவமைப்பாளர் கென்னத் கிரேஞ்ச், காற்றுச்சுரங்கச் சோதனைகள் செய்து முன்முகத்தையே மாற்றி வரைந்தார். அந்தக் கூர்மூக்கு அவருடைய பிடிவாதத்தின் பலன். 1982 வரை 197 பவர் கார்கள் கட்டப்பட்டன.

அந்தப் பிரேக்குகளின் வாசனையும் பயணத்தின் ஒரு பகுதி. வண்டி ரெடிங்கை நெருங்கி வேகம் குறையும்போது, காய்ந்த உலோகமும் ரப்பரும் சேர்ந்து கருகியது போன்ற நெடி குளிர்சாதனத் துவாரங்கள் வழியாக உள்ளே வரும். புதிதாக ஏறியவர்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். பழகியவர்கள் நிமிராமலே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கதவு பெரிய தொல்லை. இறங்குவதற்குக் கதவு ஜன்னலைக் கீழே தள்ளி, கையை வெளியே நீட்டி, வெளிப்புறக் கைப்பிடியைத் திருக வேண்டும். மழைநாளில் சட்டைக்கை முழங்கைவரை நனையும். வயதானவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக் கழிவு தண்டவாளத்தில் விழுந்ததும் நியாயப்படுத்த முடியாதது.

ஆனால் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இருக்கைகளை மாற்றியபோதுதான். பெட்டியின் ஜன்னல்கள் முதல் வகுப்பு இடைவெளிக்கு ஏற்பப் பொருத்தப்பட்டவை. அதனால் இரண்டாம் வகுப்பில் தொடக்கத்திலிருந்தே சில இருக்கைகளுக்கு ஜன்னல் சரியாக வாய்க்கவில்லை. பிற்காலத்தில் மேஜைகளைக் குறைத்து, ஆள் உயர முதுகு வைத்த இருக்கைகளை நெருக்கி அடுக்கினார்கள். வெளிச்சமும் காட்சியும் போயின. வண்டிக்கு வயதானதால் வந்த குறை இல்லை இது, வேண்டுமென்றே செய்துகொண்டது. அதே காலத்தில் வேலன்டாக்களை எடுத்துவிட்டு எம்.டி.யு. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். அது நல்ல வேலை. கூச்சலும் புகையும் குறைந்தன.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பக் கூடாது. 2020 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் கார்மான்ட்டில், கனமழையில் தண்டவாளத்தின் மேல் வந்து விழுந்த கற்களில் மோதி இந்த வகை வண்டி ஒன்று தடம்புரண்டது, மூவர் இறந்தனர். இன்றைய மோதல் பாதுகாப்புத் தரங்களுக்கு முந்தைய வடிவமைப்பு இது என்பதை விசாரணை சுட்டிக்காட்டியது. எவ்வளவு பிரியம் இருந்தாலும், பிரதான தடங்களிலிருந்து இவற்றை விலக்கியதை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பாடிங்டனிலிருந்து இவற்றின் நெடுந்தூரச் சேவை 2019 மே மாதம் முடிந்தது. பதிலுக்கு வந்த ரயில்கள் மின்கம்பி உள்ள இடத்தில் மின்சாரத்திலும், இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடுகின்றன. கதவும் கழிப்பறையும் எவ்வளவோ மேல். ஆனால் கம்பி முடிந்ததும் தரைக்கு அடியில் எஞ்சின் உறுமத் தொடங்கும். அதிர்வு பாதத்தில் தெரியும். முன்பு இரு முனைகளில் ஒதுக்கி வைத்திருந்த சத்தத்தை இப்போது பயணியின் காலடிக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் 2018 முதல் தானியங்கிக் கதவுகளும் கழிவுத் தொட்டிகளும் பொருத்திய குறுகிய வண்டிகளாகப் பழைய இன்டர்சிட்டி 125கள் ஓடத் தொடங்கின. அப்படி ஒன்றில் ஏற வாய்த்தால், பவர் காரை ஒட்டிய பெட்டியைத் தவிர்த்து நடுப்பெட்டியில் மேஜை இருக்கையாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். எஞ்சின் சத்தம்தான் வேண்டும் என்பவர்கள் முன்பெட்டியில் ஏறலாம்.