'அலாரம் 1' என்னும் தலைவலி: யூனோ போர்டில் மூன்று வருட சிஎன்சி

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, "சின்னதா ஒரு சிஎன்சி செய்யறேன், கன்ட்ரோலருக்கு எதைப் போடட்டும்?" என்று கேட்டார். சிஎன்சி என்றால் கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில் தானாகவே மரத்தைச் செதுக்கும் மெஷின், கன்ட்ரோலர் அதன் மூளை. கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் ஒரு தேக்குப் பலகை வீணாகியிருந்தது. பெயர்ப்பலகை வேலை, கடைசி எழுத்தில் 'அலாரம் 1' வந்து மெஷின் நின்றுவிட்டது.

என்னிடம் இருப்பது எல்லோரும் போடும் அதே ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, மேலே மோட்டார்களை இணைக்க சிஎன்சி ஷீல்டு என்ற பலகை, உள்ளே மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள். அலாரம் 1 என்றால் அச்சின் கோடியில் இருக்கும் லிமிட் சுவிட்சில் இடித்துவிட்டது என்று அர்த்தம். எங்கே இடித்தது? வெட்டும் முனையைச் சுற்றும் மோட்டாரான ஸ்பிண்டில், பலகையின் நட்ட நடுவில் இருக்கிறது! இதைவிடக் கொடுமை, ஸ்பிண்டிலை நான் கையால்தான் ஆன் செய்கிறேன், அதனால் அலாரம் வந்து அச்சுகள் நின்றாலும் அது மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு மரத்தைக் கருக்கும். கருகல் வாடை வந்தால்தான் எனக்கு விஷயமே தெரியும்.

நியாயமாகச் சொன்னால் குற்றம் ஜிஆர்பிஎல் மேல் இல்லை. ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கிளப்பும் மின் இரைச்சல், பக்கத்திலேயே சேர்த்துக் கட்டியிருந்த லிமிட் ஒயரில் ஏறுகிறது. அந்த ஒயரின் மின்னழுத்தத்தை மேலே பிடித்து வைப்பது சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர். அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை, ஓம் கூடக் கூடப் பிடிப்பு தளரும், அந்த அளவு பலவீனமான பிடிப்பில் ஒன்றரை மீட்டர் ஒயர் ஆன்டெனா மாதிரி வேலை செய்யாமல் என்ன செய்யும்? ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $21-ஐ 0 ஆக்கி, சுவிட்சில் இடித்தால் மெஷினை நிறுத்தும் ஹார்டு லிமிட்டையே அணைத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்தேன், அடுத்த மாதமே ஒய் அச்சு கடைசி வரை போய் முட்டி பெல்ட்டின் பல்லைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். இரைச்சலைத் தடுக்க உலோக உறை போட்ட ஷீல்டு ஒயர், அந்த உறையின் ஒரு முனை மட்டும் எர்த்தில், போர்டின் லிமிட் பின்னில் (pin) ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சுவிட்சுகளை என்ஓவிலிருந்து (இடித்தால் இணைவது) என்சிக்கு (இடித்தால் விடுபடுவது) மாற்றி, அதற்கேற்ப செட்டிங்கில் $5=1. இப்போது ஒயர் எப்போதும் கிரவுண்டோடு சேர்ந்தே இருப்பதால் இரைச்சல் அதை அசைப்பது கஷ்டம். ஐந்து நாளாக ஒரு அலாரம் கூட இல்லை. மூன்று வருடம் கழித்து!

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 16 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ராம் உள்ள எட்டு பிட் சிப்தான் யூனோவில் இருப்பது. அதை வைத்துக்கொண்டு வரப்போகும் பத்துப் பதினைந்து நகர்வுகளை முன்கூட்டியே பார்த்து, வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, அப்புறம் கூட்டுகிறதே, அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். அளவில் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. கம்ப்யூட்டரிலிருந்தே மெஷினை ஓட்டும் மென்பொருள்களில் மேக்3-க்கு பேரலல் போர்ட்டும் 32 பிட் விண்டோஸும் தேட வேண்டும், லினக்ஸ்சிஎன்சிக்கு நேரம் தவறாமல் ஓடும் ரியல்டைம் கெர்னல் வேண்டும். யூனோவுக்கு ஒரு பழைய லேப்டாப்பும் யுஎஸ்பி ஒயரும் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு நண்பரிடம் யூனோ வாங்காதே என்றுதான் சொன்னேன். ஜிஆர்பிஎல் மாதிரியான ஃபுளூயிட்என்சி மென்பொருள் ஓடும் இஎஸ்பி32 போர்டாகப் பார், லிமிட் உள்ளீட்டில், சிக்னலை ஒளியால் கடத்தி இரைச்சலைத் தடுக்கும் ஆப்டோகப்ளர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கு, எஸ்டி கார்டிலிருந்தே வேலை ஓடும், லேப்டாப்பும் வேண்டாம் என்றேன். "அப்போ நீங்க எப்போ மாத்தப் போறீங்க?" என்றார். எதற்கு மாற்ற, இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறதே.