சிட்காமில் (நகைச்சுவைத் தொடரில்) முக்கிய நடிகர் விலகினால்: அதே வேடத்துக்குப் புது முகமா, புதுக் கதாபாத்திரமா?

படப்பிடிப்பில் மனக்கசப்பு முற்றி ஒருவர் விலகும்போது, நன்றாக ஓடும் தொடரை நிறுத்த எந்தச் சேனலுக்கும் மனம் வராது. அப்போது இருக்கும் வழிகள் இரண்டு.

எழுத்து வேலை:
புது முகம்: குறைவு. கதை அப்படியே ஓடும்.
புதுக் கதாபாத்திரம்: அதிகம். உறவுகளை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

ரசிகர் மனம்:
புது முகம்: 'தி ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' என்ற அமெரிக்கத் தொடரில் 1993-இல் விவியன் அத்தையாக ஜேனட் ஹூபெர்ட்டுக்குப் பதில் டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட் வந்தார். தொடர் 1996 வரை ஓடியது. ஆனாலும் பழைய அத்தையின் கூர்மையை ரசிகர்கள் இன்றும் தேடுகிறார்கள். நானும்தான்.
புதுக் கதாபாத்திரம்: 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' என்ற அமெரிக்கத் தொடர் 2011-இல் அண்ணனாக நடித்த சார்லி ஷீனை நீக்கி, ஆஷ்டன் குட்சரை வேறு கதாபாத்திரமாகக் கொண்டுவந்தது. 2015 வரை தாக்குப்பிடித்தது. ஆனால் அண்ணன் தம்பி உரசல்தான் அதன் உயிர். அது போனதும் வேறு தொடராகிவிட்டது.

துணை வேடம் என்றால் புது முகம் போதும். நாயகன், நாயகி என்றால் புதுக் கதாபாத்திரமே சரி.