முற்றத்துக் கணப்பு: மண்ணா, இரும்பா, கேஸா?

வெளியில் வைத்துக் குளிர்காயும் கணப்புகளிலேயே பார்க்கச் சாதுவாக இருப்பது, மேசைமேல் வைக்கும் சின்ன ஆல்கஹால் கிண்ணம்தான். புகை கிடையாது, சாம்பல் கிடையாது, ஒரு கையால் தூக்கிவிடலாம். வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதும் அதைத்தான். அதனால் முதலில் இதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

எரியும் ஆல்கஹாலின் சுடர் வெளிர்நீலம். வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. தீ தணிந்துவிட்டது என்று நம்பி, மறுபடி ஊற்றுவதற்காகப் பாட்டிலைச் சாய்க்கிறோம். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு துளி சுடர் மிச்சமிருந்தால் போதும், ஆவியைப் பிடித்துக்கொண்டு அது பாட்டிலுக்குள் ஏறிவிடும். உள்ளே தேங்கிய ஆவி குபீரென்று பற்றி, எரிகிற திரவத்தைப் பாட்டிலின் வாய்வழியே பீச்சி அடிக்கும். ஊற்றுபவர் மட்டுமல்ல, எதிரே பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அதில் மாட்டிக்கொள்கிறார். திறந்த கிண்ணத்தில் திரவ எரிபொருளை ஊற்றி அங்கேயே எரிக்கும் இந்த வகைக் கணப்புகளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் எச்சரித்தது. 2019 முதல் அதுவரை 2 பேர் இறந்ததாகவும், குறைந்தது 60 பேர் காயமடைந்ததாகவும் அந்த எச்சரிக்கை சொல்கிறது. இவ்வளவு ஆபத்தையும் ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் சூடோ, திறந்த வெளியில் உள்ளங்கையைக் காட்டினால் மட்டும் உணரும் அளவு.

இப்போது மிச்சமிருப்பவை ஐந்து: மண் சிமினியா (நீண்ட கழுத்துள்ள கணப்பு), இரும்பு சிமினியா, திறந்த கிண்ணக் கணப்பு, "புகையில்லா" இரட்டைச் சுவர்க் கணப்பு, கேஸ் கணப்பு. இவற்றை ஒப்பிடுவதற்கு ஒரே ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் அடுப்பு எரிந்தால் காற்று சூடாகி அறையிலேயே நிற்கும். வெளியில் அப்படி இல்லை. சூடான காற்று நேரே மேலே போய்விடும். நம் முகத்திலும் முழங்காலிலும் உறைப்பது தீயிலிருந்தும் தணலிலிருந்தும் சூடேறிய சுவரிலிருந்தும் நேராகப் பாயும் கதிர் வெப்பம் மட்டுமே. நாற்காலியை இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போட்டால் அந்த வெப்பம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். ஆகவே ஒரு கணப்பு எவ்வளவு எரிக்கிறது என்பதைவிட, எந்தப் பக்கமாக வெப்பத்தை அனுப்புகிறது என்பதுதான் கேள்வி.

மண்ணும் இரும்பும்

சிமினியா மெக்சிகோவிலிருந்து பரவியது. புகைபோக்கிக்கான ஸ்பானியச் சொல்தான் அதன் பெயராகிவிட்டது. பருத்த வயிறு, முன்னால் ஒரு வாய், மேலே நீண்ட கழுத்து. அந்தக் கழுத்து புகையை இழுத்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே கொண்டுபோய் விடும். சிறிய முற்றத்துக்கு இது பெரிய வசதி. மண் சிமினியாவில் வெப்பம் பெரும்பாலும் வாய்ப்பக்கம்தான் வரும். இரண்டு மூன்று பேர் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்தால் அருமை, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் முதுகுப்பக்கம் இருப்பவர்களுக்கு ஏமாற்றம். சுவர் மெதுவாகச் சூடேறி, தீ தாழ்ந்த பிறகும் நெடுநேரம் இளஞ்சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான்.

ஆனால் மண் விரிசல் விடும். உட்புறம் வேகமாகச் சூடாகி விரியும்போது வெளிப்புறம் குளிர்ந்தே இருந்தால், அந்த இழுபறியில் சுவர் பிளந்துகொள்ளும். அதனால்தான் புதுச் சிமினியாவில் முதல் சில தடவை வெறும் சுள்ளியை மட்டும் எரித்துப் பழக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுக்க ஆற விட்டு, அடுத்த முறை கொஞ்சம் கூட்டலாம். அடிவயிற்றில் மணலோ எரிமலைக் கல்லோ ஒரு படுகையாகப் பரப்பி, தீ நேராக மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தண்ணீர். சூடான மண்மீது தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது. என் முதல் சிமினியா போனது அப்படித்தான்: தணல் நிறைந்திருந்த நேரத்தில் திடீரென்று தூறல், கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு. அதை அலட்சியம் செய்து மேலும் இரண்டு முறை எரித்தேன், கழுத்து தனியாகக் கையோடு வந்துவிட்டது. பனி உறையும் ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மண் உறிஞ்சிய தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடி, உள்ளிருந்தே சுவரை உடைக்கும். மேற்பூச்சும், மழையில் நனையாமல் மூடிவைக்க ஓர் உறையும், மண் சிமினியாவோடு சேர்த்தே வாங்க வேண்டியவை.

வார்ப்பிரும்பு சிமினியா இதற்கு நேர் எதிர். உடல் முழுக்கச் சூடேறி எல்லாப் பக்கமும் வெப்பத்தை வீசும். முழு வேகத்தில் எரித்தாலும் பயமில்லை. எடை அதிகம் என்பதால் எளிதில் சாயாது. ஆனால் அதே காரணத்தால், தொட்டால் தோல் போய்விடும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். மண்ணும் சுடும் என்றாலும், இரும்பு அளவுக்கு வேகமாகச் சூட்டைக் கைக்குக் கடத்தாது. இரும்புதானே என்று கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அதுவும் பிளக்கும். துரு பிடித்தால் தேய்த்துவிட்டு, வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். மெல்லிய தகட்டில் செய்தவை எடையும் விலையும் குறைவுதான், ஆனால் அடித்தகடு துருவும் தீயும் சேர்ந்து அரித்து ஓட்டையாகிவிடும். தகட்டுக் கணப்பில் வருஷத்துக்கு ஒரு முறையாவது அடியைத் தட்டிப் பாருங்கள்.

திறந்த கிண்ணமும் இரட்டைச் சுவரும்

வட்டமாக உட்கார்ந்து பேசவேண்டும் என்றால் திறந்த கிண்ணத்துக்கு ஈடில்லை. தணல் எல்லோருக்கும் தெரியும், வெப்பம் எல்லோருக்கும் சமம். ஆனால் புகையும் அப்படியே. காற்று திரும்பும் பக்கமெல்லாம் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போவார். பொறி பறப்பதும் இதில்தான் அதிகம். கம்பிவலை மூடி இல்லாமல் இதை எரிக்காதீர்கள். இடமும் இதற்குத்தான் அதிகம் வேண்டும்.

இரட்டைச் சுவர்க் கணப்பின் வேலைப்பாடு நுட்பமானது. அடியில் உள்ள துளைகள் வழியே போகும் காற்று, இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறிச் சூடாகி, உட்சுவரின் மேல்விளிம்புத் துளைகளில் வெளிவரும். புகை என்பது எரியாமல் தப்பிய வாயுவும் துகளும்தானே? அந்தச் சூடான காற்று கிடைத்ததும் அவை விளிம்பிலேயே எரிந்துவிடும். துளைகளிலிருந்து தனித்தனிச் சுடர் கிளம்புவதைப் பார்க்கலாம். இது நடக்க இரண்டு நிபந்தனைகள்: விறகு காய்ந்திருக்க வேண்டும், அந்தத் துளைகளை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கக்கூடாது. பற்ற வைத்த முதல் சில நிமிடங்களிலும், அணையும் நேரத்திலும் இதுவும் புகையத்தான் செய்யும்.

இதை வாங்கியவர்கள் பலர் "எரிகிறது, ஆனால் காலுக்குச் சூடே வரவில்லையே" என்பார்கள். குறை சரக்கில் இல்லை. உயரமான இரட்டைச் சுவர் தணலை மறைத்துவிடுகிறது, வெப்பத்தின் பெரும்பங்கு காற்றோடு மேலே போய்விடுகிறது. புகையைக் குறைக்கிற அமைப்பே பக்கவாட்டு வெப்பத்தையும் குறைத்துவிடுகிறது. அண்டை வீடுகளுக்குப் புகை போகக்கூடாது என்பது முக்கியமானால் இது நல்ல தேர்வு. குளிரைப் போக்குவதுதான் நோக்கம் என்றால் இல்லை.

கேஸ்

கேஸ் கணப்பில் குமிழைத் திருப்பினால் தீ, மறுபடி திருப்பினால் இல்லை. பொறி பறக்காது, சாம்பல் அள்ள வேண்டாம், காற்று திடீரென்று வலுத்தால் அந்த நொடியே அணைக்கலாம். பாதுகாப்பில் இந்தக் கடைசி வசதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். விறகுத் தீயை அப்படி நிறுத்த முடியாது. ஆனால் விறகுத் தணலின் உறைப்பு கேஸ் சுடரில் வராது, எரிபொருளும் வேகமாகத் தீரும். மணிக்கு 50,000 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 14.6 கிலோவாட். 9 கிலோ புரோப்பேன் அந்த வேகத்தில் எட்டு மணி நேரம், எட்டரை மணி நேரம் வரும்.

புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தாழ்வான பள்ளத்தில் தேங்கி நிற்கும். சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி கிளம்பினால் கசிவு. பர்னர்மேல் அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்புவது பெரிய தவறு. உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும், சில்லு கண்ணில் தெறிக்கும். எரிமலைக் கல், கணப்புக்கென்றே செய்த கண்ணாடித் துண்டு இரண்டில் ஒன்றைத்தான் போட வேண்டும்.

எங்கே வைப்பது

சுவர், வேலி, செடி, நாற்காலி மெத்தை எதுவானாலும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, தனி வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் விலக்கு கொடுத்துவிட்டு, மற்ற கட்டடங்களுக்கு 15 அடி கேட்கிறது. ஆக, அடுக்குமாடி பால்கனியில் விறகுக் கணப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைக்கு மேலே கூரை, குடை, மரக்கிளை எதுவும் கூடாது. இவற்றோடு கணப்பின் கையேட்டில் உள்ள தூரத்தையும் பாருங்கள். எது அதிகமோ அதுவே கணக்கு.

தரையையும் கவனிக்க வேண்டும். மரத்தளத்தில் தீ மேலே எரிந்தாலும், அடியில் இறங்கும் சூட்டில் பலகை கருகத் தொடங்கலாம். இரட்டைச் சுவர் வகையும் இதில் விலக்கல்ல, கால்வைத்த தாங்கி அவசியம். கான்கிரீட் தரைமேல் நேராகத் தீ மூட்டினால், உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி மேல்தோல் சில்லுசில்லாகப் பெயரும்.

மழை வந்துவிட்டது என்று எரியும் கணப்பையோ கனலும் தணலையோ வண்டிக் கொட்டகைக்குள், கூடாரத்துக்குள், அடைத்த தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. சுடர் அடங்கிய தணலும் அதை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கும். கேஸும் இதில் விதிவிலக்கில்லை.

விறகு

எந்தக் கணப்பை வாங்கினாலும் ஈர விறகைப் போட்டால் புகைதான் மிஞ்சும். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சூடு செலவாகும். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்க வேண்டும். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி, ஆறு மாதமாவது காயவிட வேண்டும். கெட்டி மரத்துக்கு இன்னும் கூட வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்க வேண்டும். மொத்தென்று அடங்கினால் இன்னும் ஈரம்.

பழைய வேலிக் கம்பம், பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை எதையும் போடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், எரித்தால் அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அரளிக் கட்டையின் புகையும் நஞ்சு. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கணப்பின் பக்கமே வரக்கூடாது. சுள்ளியும் காகிதமும் பற்றவில்லை என்றால் விறகு ஈரம் என்று அர்த்தம், எண்ணெய் போதவில்லை என்று அல்ல.

அணைத்த பிறகு

தண்ணீர் வாளியோ தோட்டத்துக் குழாயோ பக்கத்தில் இருக்க வேண்டும். அது பறந்து விழும் பொறிக்கு, சூடான கணப்பின்மேல் ஊற்ற அல்ல. சிமினியாவைத் தானாகவே தணியவிட வேண்டும், கடைசி ஒரு மணி நேரம் விறகு போடாமல் இருந்தால் சரியாக வரும். அதுவரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தரையில் விழுந்த தணலை மணல் போட்டு மூடிவிட்டுப் போவது ஆபத்து. மணல் சூட்டை உள்ளே காத்து வைத்திருக்கும், பார்த்தால் வெறும் மண்ணாகத் தெரியும், மறுநாள் காலையில் குழந்தை வெறுங்காலோடு மிதிக்கும். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வாளியையும் வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டவே கூடாது.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, எதை வாங்குவது? அண்டை வீடு ஒட்டியிருக்கிறது, விறகு காயவைக்க இடமில்லை, அல்லது வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் கேஸ். இடம் தாராளம், கூட்டம் பெரிது என்றால் வலை மூடியோடு திறந்த கிண்ணம். இரண்டு மூன்று பேருக்கான சின்ன முற்றம், காய்ந்த விறகும் கையில் இருக்கிறது, கணப்பை அங்கிருந்து நகர்த்தப் போவதில்லை என்றால் நான் வார்ப்பிரும்பு சிமினியாவைத்தான் எடுப்பேன். ஓடித்திரியும் குழந்தைகள் இருந்தால் அதைச் சுற்றி ஒரு கம்பித் தடுப்பும் சேர்த்து. மண் சிமினியா அதைவிட அழகு, அதன் இளஞ்சூடும் இதம், ஆனால் மழைக்கு முன்னால் ஓடிப்போய் மூடுகிற பொறுமை உள்ளவர்கள் அதை எடுக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இரண்டாவது தடவைதான் வந்தது.